சிவனேஸ்வரி அக்காவின் கேரவனும் நான்கு கால்களும்

போன குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் நின்ற, காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேரவன் எங்களுடையது என்று தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கௌரிசங்கரும் அதை மறுத்ததில்லை. யாராவது "உங்க கேரவனா?" என்று கேட்டால் ஒரு மாதிரி சிரித்து வைப்பார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அது எதிர்வீட்டு சிவனேஸ்வரி அக்காவுடையது. எங்களுடையது மூலை மனை, பக்கத்தில் ஒரு அகலமான கேட் இருக்கிறது. எங்கள் பங்கு அவ்வளவுதான்.

அக்காவுக்கு அறுபது வயது. யாழ்ப்பாணத்துக்காரர். மெல்போர்ன் பக்கத்தில் எங்கள் ஊரான வெரிபீயின் தெற்கே கடலோரமாக இருக்கிற காய்கறித் தோட்டங்களில் ப்ரோக்கோலியும் காலிஃபிளவரும் வெட்டுகிற வேலை. நாங்கள் போர்வைக்குள் புரண்டுகொண்டிருக்கும் நேரத்தில் அவர் கம் பூட்ஸோடு வாசலில் காரைச் சூடாக்கிக்கொண்டு நிற்பார். ஒரு தடவை தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன் வராமல் போய், வெட்டிய காய் எல்லாம் பெட்டியில் வாடிக்கொண்டிருந்ததாம். யாரும் சொல்லாமலே அக்கா ஏறி உட்கார்ந்து, பின்னால் டிரெய்லரோடு ஓட்டிக்கொண்டு வந்து குளிர்பதனக் கூடத்து வாசலில் ரிவர்ஸில் விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு டிராக்டர் அவர் கையில்தான். டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. என் வீட்டுக்காரர் வெறும் காரையே ஷாப்பிங் சென்டரில் மூன்று முறை முன்னும் பின்னும் ஆட்டித்தான் வெளியே எடுப்பார்.

அவருடைய ஒரே மகன் பிரஷாந்தன். அவன்தான் முதலில் இந்த நாட்டுக்கு வந்து, பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டவன். சயந்தினியைக் கல்யாணம் செய்த பிறகு சிட்னியில் டூங்கபிக்குப் போய்விட்டான். அம்மாவையும் கூடவே வரச் சொன்னான். அக்கா தோட்டத்து வேலையை விட மாட்டேன் என்று வெரிபீயிலேயே தங்கிவிட்டார். சயந்தினி உண்டானதும் பேச்சு மாறியது. குழந்தை பிறந்தால் அம்மா டூங்கபிக்கு நிரந்தரமாக வந்துவிட வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தான். அவனைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிற நம் வீடுகளில் பாதி, ஊரிலிருந்து வந்த அம்மாக்களின் இடுப்பில்தான் நிற்கின்றன. அந்த அம்மாக்களை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற விஷயம்.

அந்த நேரத்தில் பார்த்துத்தான் அக்கா ஒரு பழைய கேரவனை வாங்கி நிறுத்தினார். செப்டம்பரில் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, அதை இழுத்துக்கொண்டு அடிலெய்ட் வழியாக மேற்கு ஆஸ்திரேலியா வரைக்கும் போகப் போகிறாராம். வசந்தத்தில் அங்கே காட்டுப்பூ கண்ணுக்கெட்டின தூரம் வரை பூக்குமாம். தனியாக. எனக்கே கொஞ்சம் பக்கென்றது. பிரஷாந்தன் அடுத்த விமானத்திலேயே வந்து இறங்கிவிட்டான்.

பேச்சு எங்கள் வீட்டு டைனிங் டேபிளில்தான் நடந்தது. அவன் சத்தம் போடவில்லை, அம்மாவும் போடவில்லை. அந்தப் பழைய டப்பா வெரிபீ மழையில் ஒரு குளிர்காலம் நின்றால் ஊறி உதிர்ந்துவிடும், அதை நம்பியா இவ்வளவு தூரம் போகப் போகிறீர்கள் என்பது அவன் கட்சி. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். "குளிர்காலம் முடியட்டும். கதவு ஒழுங்கா திறந்து, உள்ளுக்குத் தண்ணி ஒழுகாம கரவன் நிண்டா நீங்க போங்கோ, நான் மறிக்கேல்லை. இல்லையெண்டா வித்துப்போட்டு எங்களோட வந்து இருங்கோ."

அக்கா ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஓம், சரி" என்றார்.

அவன் போன பிறகு நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் வண்டி, உங்கள் உழைப்பு, அவனிடம் எதற்குப் பரீட்சை எழுத ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அக்கா டீ டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ராதா, எத்தனை தரம் வீட்டை விட்டு வெளிக்கிட்டனான் எண்டு எனக்கே கணக்கில்லை. எல்லாம் ஆரோ துரத்தி ஓடினது. ஒருக்காலும் நானா விரும்பி வெளிக்கிடேல்லை. இந்த முறை நானா வெளிக்கிடப் போறன். வெளிக்கிடேக்க என்ரை பிள்ளையோட சண்டை பிடிச்சுக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை."



மே மாதக் கடைசியில், இங்கே குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில், கேரவன் எங்கள் கேட்டுக்குள் வந்தது. சும்மா கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போகிற விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். அக்காவுக்கு அதை நிறுத்தி முடிக்க அரை நாள் ஆனது. எங்கள் பக்கவாட்டில் முன்பாதி ஜல்லி போட்டது, பின்பாதி வெறும் களிமண். கேரவனின் சக்கரங்களை ஜல்லியின் விளிம்பில் பலகை வைத்து ஏற்றினார். ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால் அந்தப் பக்கம் இன்னொரு பலகை. முன்மூக்கைக் கொஞ்சம் தூக்கி வைத்தார், கூரையில் விழுகிற மழை பின்னால் ஓடிவிட வேண்டுமாம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு கேரவனின் நான்கு மூலைகளிலும் மடங்கிக் கிடந்த இரும்புக் கால்களைக் கைப்பிடியால் சுற்றி இறக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மரக்கட்டை வைத்தார். அக்கா அந்தக் கால்களை 'ஜக்' என்பார். என் வீட்டுக்காரர் வாயில் அது 'ஜாக்கி'.

கௌரிசங்கர் பக்கத்தில் நின்று, இன்னும் நன்றாக இறுக்கி விடலாமே என்று யோசனை சொன்னார். அக்கா கூடாது என்றார். விற்ற ஆஸ்திரேலியக் கிழவர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாராம். அந்தக் கால்கள் வண்டி ஆடாமல் பிடித்துக்கொள்ளத்தான், தூக்குவதற்கு இல்லை. பாரம் முழுக்கச் சக்கரத்தில்தான் நிற்க வேண்டும். கால் மண்ணைத் தொட்டதும் ஒரு அரைச் சுற்று, அதோடு சரி. அதற்கு மேல் போனால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு ஜன்னல் எல்லாம் பிடித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் எல்லாம் புரிந்தவர் மாதிரி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பதினாறு வருடப் பழக்கம். கேட்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

ஜூலையில் சயந்தினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் தீட்டு கழியும்வரை கூட இருக்க அக்கா டூங்கபிக்குப் போனார். போன கையோடு இங்கே மழை பிடித்துக்கொண்டது. வெரிபீ மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோடையில் கை போகிற அளவுக்கு வெடிக்கும். மழை குடித்தால் பணியாரம் மாதிரி உப்பும். எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டு வாசல் சிமெண்டை அது தூக்கி உடைத்திருக்கிறது. அக்காவுக்கு இது தெரியும், தினமும் அதே மண்ணில்தானே நிற்கிறார். டிவியில் மெல்போர்ன் மழையைப் பார்த்துவிட்டு, களிமண் உப்பினால் பின்கால் இரண்டையும் மேலே தள்ளுமே என்று உடனே போன் செய்தார். போனை எடுத்தது என் வீட்டுக்காரர். காதில் ஆபீஸ் மீட்டிங், அந்தப் பக்கம் குழந்தையின் அழுகை. இதற்கு நடுவில் அக்கா சொன்னது இதுதான்: "தம்பி, பின்பக்கத்து ஜக்கைக் கொஞ்சம் இளக்கி விடுங்கோ."

இளக்கி. அக்கா ஊர்ப் பேச்சில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்திவிடுவது. திருச்சிக்காரரான என் வீட்டுக்காரருக்கு இளகுவது என்றால் வெல்லப்பாகுதான் தெரியும். அவர் காதில் விழுந்தது 'இறக்கி'. ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி விடுங்கோ. "கண்டிப்பா அக்கா" என்றார்.

அவரிடம் புதிதாக வாங்கிய டிரில் ஒன்று வேலையில்லாமல் கிடந்தது. மழை விட்ட இடைவெளியில் அதை எடுத்துக்கொண்டு போய், கைப்பிடி போடுகிற இடத்தில் மாட்டி, பின்கால் இரண்டையும் மோட்டார் திணறுகிற வரைக்கும் இறக்கினார். அக்கா பின்பக்கம் மட்டும் சொன்னார், நாம் முன்பக்கமும் செய்துவிடுவோம் என்று அந்த இரண்டையும் சேர்த்து இறக்கினார். சேறும் சகதியுமாக உள்ளே வந்து, கல்லு மாதிரி நிற்குது என்று என்னிடம் பெருமைப்பட்டார். அக்காவுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அக்காவும் பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்பினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே குரங்கையே பிள்ளையார் என்று நம்பி ஒரு மாதம் இருந்தோம்.

ஆகஸ்ட் கடைசியில் அக்கா திரும்பி வந்தார். பிரஷாந்தனும் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்திருந்தான். டூங்கபி வீட்டில் பின்னறையை அம்மாவுக்கென்று பெயின்ட் அடித்து வைத்துவிட்டானாம். வந்ததும் வராததுமாக இரண்டு பேரும் கேரவனிடம் போனார்கள். நாங்களும் பின்னால் போனோம்.

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. அக்கா இழுத்தார். பிரஷாந்தன் இழுத்தான். கதவின் மேல்மூலை சட்டத்துக்குள் ஆணி அடித்த மாதிரி இறுகியிருந்தது. அவன் காலை ஊன்றி இன்னும் பலமாக இழுக்கப் போனபோது, உடைக்காதே என்று அக்கா தடுத்தார். அவன் கையைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது.

"சரி அம்மா. பேசினது பேசினதுதானே" என்றான்.

அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. காய்கறி மூட்டைப் பிளாஸ்டிக் ஒன்றை ஈர மண்ணில் விரித்து, அதில் படுத்துக் கேரவனின் அடியில் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை நீட்டிச் சக்கரத்துக்கும் பலகைக்கும் நடுவில் செருகினார். கை உள்ளே போய் வெளியே வந்தது. அத்தனை பாரமும் அந்த நான்கு குச்சிக் கால்களின் மேல் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கத்து ஒரு கால் வளைந்தே போயிருந்தது.

என்ன செய்தீர்கள் என்று அக்கா கேட்க, நீங்கள்தானே அக்கா இறக்கச் சொன்னீர்கள் என்று இவர் சொல்ல, அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"நான் இளக்கச் சொன்னனான், தம்பி."

எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்து. என் வீட்டுக்காரரின் முகம் செத்துப்போனது. வேறு நேரமாக இருந்தால் நான் ஒரு வாரத்துக்கு அதை வைத்து அவரை வறுத்திருப்பேன். அன்று முடியவில்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தனக்கென்று கேட்ட ஒன்று, எங்கள் வீட்டு வாசலில், எங்களால் போகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

யார் பிழை என்பது முக்கியமில்லை, கதவு திறக்கவில்லை என்பதுதான் விஷயம் என்றான் பிரஷாந்தன். குரல் தணிவாகத்தான் இருந்தது. அக்கா பிளாஸ்டிக்கை மடித்தார்.

"குளிர்காலம் முடியட்டும் எண்டுதானே நீ சொன்னனி? இண்டைக்கு ஆகஸ்ட் முப்பது. நாளையோடதான் முடியுது. போய் என்ரை காருக்குள்ள இருக்கிற பெரிய ஜக்கை எடுத்துக்கொண்டு வா."

அவன் அசையாமல் நின்றான்.  அப்புறம் அவனே போய் எடுத்துவந்தான்.

ஆழம் தெரியாமல் காலை விட்ட மனிதர் என் வீட்டுக்காரர் என்றால், விட்ட காலை வெளியே எடுப்பது எப்படி என்பதை அன்றைக்குப் பார்த்தேன். முதலில் அக்கா நேரே ஒரு காலில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றப் பார்த்தார், அசையவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தார், சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பாரம் மேலே அழுத்திக்கொண்டிருக்கும்போது அது எங்கே சுற்றும்? டிரில் கொண்டு வரட்டுமா என்று இவர் கேட்டார். "நீங்க போய்த் தேத்தண்ணி குடியுங்கோ தம்பி" என்றார் அக்கா, கோபமே இல்லாமல். கோபத்தோடு சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு சக்கரத்தின் அருகில், அடிச்சட்டத்தின் கீழே பலகை போட்டு அதன்மேல் பெரிய ஜாக்கியை வைக்கச் சொன்னார். பிரஷாந்தன் ஜாக்கியை அடிக்க வேண்டும். வண்டி ஒரு மயிரிழை எழும்பியதும் அக்கா மூலைக் காலைக் கால்வாசிச் சுற்று இளக்குவார். அதன் பிறகு எதிர்மூலைக்குப் போவார். ஒரே மூலையில் அதிகமாக எடுத்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளுமாம். அடி, நிற்பாட்டு, இளக்கு, அடுத்த மூலை. தூறல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை பலகை சேற்றில் வழுக்கி ஜாக்கி சரிந்தது, எடுத்த அத்தனையும் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திரும்ப அடி" என்றார். விமான நிலையத்திலிருந்து நேரே வந்த வெள்ளை ஷூவோடு சேற்றில் முட்டி போட்டிருந்தான் பையன். அவன் அடிக்கிற ஒவ்வொரு அடியும் அம்மாவை அவனிடமிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. அது அவனுக்குத் தெரிந்தேதான் அடித்துக்கொண்டிருந்தான்.

மூன்று கால் எழும்பிவிட்டது. வளைந்துபோன நான்காவது மட்டும் எதற்கும் மசியவில்லை. அக்கா அதன் எதிரில் குந்தியபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு இதோடு முடிந்தது என்றே பட்டது. அவர் எழுந்து வீட்டுக்குப் போய், தோட்டத்தில் ப்ரோக்கோலி வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். கால் மேலே வரவில்லை என்றால் மண் கீழே போகட்டும் என்று, அந்தக் காலைத் தாங்கிய மரக்கட்டையின் அடியில் களிமண்ணைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க ஆரம்பித்தார். நாங்கள் யாருமே யோசிக்காத வழி. கை முழங்கை வரை சேறு. வெட்டி வெட்டிக் கட்டை சரிந்தது. கேரவன் ஒரு முனகல் முனகிக்கொண்டு சக்கரத்தில் உட்கார்ந்தது.

கதவு அப்போதும் திறக்கவில்லை. பிரஷாந்தன் எதுவும் சொல்லவில்லை, அதற்காக அவனை நான் மதிக்கிறேன். அக்கா சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு மாதமாகக் கூனிக்கொண்டு நின்ற வண்டி, நிமிர அதற்கும் ஒரு இரவு வேண்டாமா என்றார்.

மறுநாள் காலை நான் டிகாஷன் இறங்கக் காத்திருந்தபோது ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பிரஷாந்தன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். அக்கா சாவியைத் திருப்பி இழுத்தார். கதவு கொஞ்சம் வந்து கீழ்மூலையில் பிடித்துக்கொண்டது. அக்கா முழங்காலைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். திறந்துகொண்டது.

உள்ளே காய்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்த மெத்தை நிமிர்ந்தபடியே இருந்தது. சிங்க்கின் அடியில், கூரையின் மூலைகளில், ஜன்னல் ஓரங்களில் எல்லாம் அக்கா கையால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை. என் வீட்டுக்காரர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வளைந்த காலை மட்டும் கழற்றி வேறு போட வேண்டும், அதைத் தானே போய் வாங்கி வருவதாகச் சொன்னார். "டிரில்லை வச்சிட்டு வாங்க" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா வெளியே வந்து கேரவனின் படியில் உட்கார்ந்தார். ஜெயித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் பளிச்சென்று இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. பிரஷாந்தன் நனைந்த புல்லில் நின்றபடி ஈர ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தையை நினைத்தீர்களா என்று கேட்டான். பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் இருக்கிறார்கள், தைப்பொங்கலுக்கு வந்து பார்ப்பேன் என்றார் அக்கா. இரண்டு பேரும் வேலைக்குப் போனால் யார் பார்ப்பது என்று அவன் இழுத்தான். இந்த நாட்டில் எல்லோரும் எப்படிப் பார்க்கிறார்களோ அப்படித்தான் என்றார்.  நான் உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

"இது நிண்டு பிடிக்காது எண்டு நினைச்சுத்தான் அம்மா அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னனான்" என்றான் அவன். "பிள்ளைக்காக இல்லை. நீங்க தனியா அவ்வளவு தூரம் போறது… எனக்குப் பயமாயிருக்கு."

 அக்கா நகக்கண்ணில் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினார். எழுந்து அவன் அருகில் போய், அவன் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

"பயமாத்தான் இருக்கும். பத்தொன்பது வயசில உன்னைப் படகில ஏத்தி விட்டனான். நீ போய்ச் சேர்ந்தியோ இல்லையோ எண்டு தெரியாம, பிறகு வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில அடைச்சு வச்சிருக்கிறாங்கள் எண்டு கேள்விப்பட்டு, எவ்வளவு காலம் நித்திரை இல்லாமக் கிடந்தனான். நான் பயந்தனான் தம்பி. ஆனா உன்னை மறிச்சனானோ?"

பிரஷாந்தன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், எங்கள் கேட்டை முழுசாகத் திறந்துவைத்தான்.